உப்புச் சப்பில்லாத குரல்

என் தொண்டையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுவது என் வேலை. விடியும்போதே லாரிகள் வந்து மூட்டைகளை இறக்கிவிடும். ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று கூவ வேண்டும். சுற்றி நிற்கிற வியாபாரிகளின் கூச்சலுக்கு மேலே என் குரல் போனால்தான் சரக்கு நகரும். ஒரு தடவை மைக் வாங்கிக் கொடுத்தார்கள். நான் அதில் வாயைத் திறந்ததும் கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. மறுநாளே கழற்றிவிட்டார்கள். அந்தக் குரல் சம்பாதித்த சோற்றைத் தின்று வளர்ந்தவன்தான் என் சின்னவன்.

கடைசியில் அந்தக் குரலால்தான் பையன் கெட்டான் என்றார்கள்.

சின்னவனைச் சேர்த்திருந்த இடத்தை இல்லம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி என்றால் அங்கிருப்பவர்களுக்கு முகம் சுருங்கும், ஹாஸ்டல் என்றாலும் சுருங்கும். கோபத்தையும் அழுகையையும் தங்களால் பிடித்து நிறுத்த முடியாத பையன்கள், பதிமூன்றிலிருந்து பதினாறு வயது வரை, அங்கேயே தங்கி, அங்கேயே படித்து, அங்கேயே சரியாக வேண்டும். நாற்காலிகளின் கால்களுக்குள் மணல் அடைத்திருக்கும். ஒருவனாலும் தூக்கி எறிய முடியாது. முகம் பார்க்கக் கண்ணாடி கிடையாது, சுவரில் அறைந்த எவர்சில்வர் தகடுதான். அதில் பார்த்தால் யாருக்கும் தன் முகம் சரியாகத் தெரியாது. ஜன்னல் ஒரு கை நுழைகிற அளவுக்குத்தான் திறக்கும். புதிதாக வந்தவனின் ஷூவை வாங்கி ஆபீஸ் அலமாரியில் பூட்டிவிடுவார்கள். செருப்போடு எவ்வளவு தூரம் ஓடிவிட முடியும் என்ற கணக்கு. நல்லபடியாக நடந்துகொண்டால் ஒரு படி ஏற்றுவார்கள், ஷூ திரும்பக் கிடைக்கும். அடுத்த படியில் வீட்டுக்கு போன் பேசலாம். அதற்கும் மேலே போனால், சோதனைக்காக இரண்டு நாள் வீடு.

ஏன் சேர்த்தாய் என்று கேட்பீர்கள். கேட்காதவர் யார் இருக்கிறார்கள், சந்தையில் மூட்டை தூக்குகிறவன்கூடக் கேட்டாயிற்று. என் பையனுக்குக் கோபம் வந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வராது. பால் பொங்குவது மாதிரி, திரும்பிப் பார்ப்பதற்குள் அடுப்பெல்லாம் ஆகிவிடும். வாத்தியார் எல்லார் முன்னாலும் அவன் விடைத்தாளைப் படித்துக் காட்டிச் சிரித்தார் என்று வகுப்பு ஜன்னல் வழியே நாற்காலியை எறிந்தான். நல்லவேளை, கீழே யாரும் இல்லை. வீட்டில் அவன் ஏற ஆரம்பித்தால் நான் அடிவயிற்றிலிருந்து ஒரு "டேய்" போடுவேன். பாதி நாள் அப்படியே நின்றுவிடுவான், சுவிட்சை அணைத்த மாதிரி. மீதி நாள் அவனும் கத்துவான், நானும் கத்துவேன், மேல்வீட்டுக்காரர் கட்டையால் தரையைத் தட்டுவார், கடைசியில் இரண்டு பேரும் களைத்துப்போய் ஒரே தட்டில் போட்டுச் சாப்பிடுவோம். அவனுடைய அப்பா வேறொரு வீட்டுக்கு வீட்டுக்காரராகப் போய் ரொம்பக் காலமாகிறது. கத்துவதற்கு எங்களுக்கும் வேறு ஆள் இல்லை.

அன்றைக்கு நான் சந்தையில் இருந்தேன். அக்காவுக்கும் தம்பிக்கும் போன் சார்ஜர் யாருக்கு என்று சண்டை. அவள் அறைக்குள் போய் நின்று ஏதோ சொல்லியிருக்கிறாள், அவன் வெளியிலிருந்து கதவை இழுத்து அறைந்தான். நிலையில் அவள் கை இருந்தது. பெரியவளின் வலது கை நடுவிரல் இன்றைக்கும் மடங்காது. நான் வந்து பார்த்தபோது அவள் சமையலறையில் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு நிற்கிறாள். இவன் அறை மூலையில், தன் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு, "நான் நிறுத்தலாம்னு பாத்தேம்மா, நிக்கல" என்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் வெளியே யாரிடமாவது கேட்போம் என்று முடிவெடுத்தேன்.

இல்லத்தில் பையனுக்கு மட்டும் வைத்தியம் இல்லை. வாரா வாரம் பெற்றவர்களுக்கும் வகுப்பு. நடத்துகிற ஆலோசகர் சின்னப் பெண், என் பெரியவளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். கெட்ட பெண் இல்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டு அன்றே மறந்திருப்பேன்.

"அவன் கத்துறப்போ நீங்களும் கத்துனா, ரெண்டு பேர்ல யார் பெரியவங்கன்னு அவனுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள்.

"அவன் பொறந்ததுலேர்ந்து நான்தான் மேடம் பெரியவ."

சிரித்தாள். கோபித்துக்கொள்ளவில்லை. "அவன் மேல ஏறுறப்போ நீங்க கீழயே நில்லுங்க. ஒரே சீரான குரல்ல பேசுங்க. கொஞ்ச நேரத்துல அவனே இறங்கி உங்ககிட்ட வருவான்."

அந்தக் குரலுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் சீரான குரல். நான் வைத்த பெயர் உப்புச் சப்பில்லாத குரல். அங்கிருக்கிற எல்லாருக்கும் அதே குரல்தான். சாப்பிட வா என்பதற்கும் அது, உன் அப்பா இந்த மாதமும் வரவில்லை என்பதற்கும் அதுவே. அதோடு பேச ஒரு வாக்கியமும் கொடுத்தார்கள்: "நீ கோவமா இருக்கன்னு எனக்குப் புரியுது. நான் இங்கதான் இருக்கேன்." இரண்டு கையும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் சொல்ல வேண்டும்.

ஜோடி ஜோடியாகப் பயிற்சி. என் ஜோடிக்கு வந்தவர் ஒரு லாரிக்காரர். அவர் பையன் வீட்டுக்குத் தீ வைத்தவன். இவர் என் மகனாக நடிக்க வேண்டும், நான் அடங்கிப் பேச வேண்டும். மனுஷன் நடிக்கச் சொன்னதும் வாழ்நாள் ஆத்திரத்தையெல்லாம் என் தலையில் கொட்டிவிட்டார். கிழவி, பிசாசு, உன்னால்தான் என் வாழ்க்கை நாசமாகப் போனது, இன்னும் என்னென்னவோ. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீ கோவமா இருக்கன்னு எனக்குப் புரியுது" என்றேன். அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நீங்க அப்படிப் பேசுனதும் எனக்கு இன்னும் வெறி ஏறிடுச்சு" என்றார்.

"எனக்கு மட்டும் என்னவாம். பெட்டிமேல ஏத்தி உங்கள ஏலம் விட்ருப்பேன்."

"விட்டா யாரு எடுப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இடத்தில் நான் சிரித்தது அவரால்தான்.

என்ன சொன்னாலும் அவர்கள் கையில்தான் என் குடுமி இருந்தது. சின்னவனுக்குப் பதினாறு முடியப் போகிறது. முடிந்தால் அந்த இல்லத்தில் இடம் இல்லை. ஒன்று வீட்டுக்கு வர வேண்டும், இல்லையென்றால் பெரிய பையன்களின் இல்லத்துக்கு. அது வேறு ஊரில், ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம். அங்கே போனால் பதினெட்டு முடிகிற வரை. போய் வந்த ஒரு பையனை லாரிக்காரர் பார்த்திருக்கிறார். நல்ல பையனாகத்தான் திரும்பினானாம். யாரிடமும் எதுவும் கேட்பதில்லையாம். என்ன கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வானாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அதனால் கற்றுக்கொண்டேன். என்னைப் போல ஒருத்தி கற்றுக்கொள்கிறாள் என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் சந்தையில் தொண்டை கிழியக் கூவிவிட்டு வந்து, பகலெல்லாம் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்பேன். பெரியவளையும் விடவில்லை. அவளுக்கும் பயிற்சி. தட்டை எடுத்து வை என்றுகூட இரண்டு பேரும் அதே குரலில் சொல்லிக்கொண்டோம்.

"அம்மா, நீ ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்ற பொம்பள மாதிரி பேசுற" என்றாள்.

"ரயில் வந்து சேரட்டும், அப்புறம் என் குரல்ல பேசிக்கிறேன்."

ரயில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. இரண்டு நாள் சோதனை. ஒன்றும் நடக்காமல் ஞாயிறு சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விட்டால், அடுத்த வாரக் கூட்டத்தில் வீட்டுக்கு அனுப்புவதாக முடிவெடுப்பார்கள். ஆலோசகர் என் கையைப் பிடித்து, "உங்களால முடியும்மா" என்றாள். அவள் மனதாரத்தான் சொன்னாள்.

வளர்ந்திருந்தான். ஷூ போட்டிருந்தான். வாசலில் வந்து நின்றவன் உள்ளே வரவில்லை. ஏன் நிற்கிறான் என்று எனக்குப் புரியவே இல்லை. பிறகு, "உள்ள வரலாமா?" என்று கேட்டான். அவன் பிறந்த வீடு அது. பழைய நானாக இருந்திருந்தால், வாடா என் துரையே, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமா என்று காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். நான் சீரான குரலில், "வரலாம்ப்பா" என்றேன். சமையலறைக்கு வந்து, "பிரிட்ஜத் தொறக்கலாமா?" என்றான். குளியலறை வாசலில் நின்றுகொண்டு யாராவது சரி என்று சொல்வதற்காகக் காத்திருந்தான். அக்காவின் கையை ஒரு தடவை பார்த்தான், பிறகு பார்க்கவே இல்லை. அவளும் அதைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டே பரிமாறினாள். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி, துடைத்து, எங்கே வைக்க என்று கேட்டான். நாங்கள் மூன்று பேரும் அன்று பேசிக்கொண்டதைப் பக்கத்து வீட்டில் யாராவது கேட்டிருந்தால் மூன்று வாடகைக்காரர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கீழே போனான். மாடிப்படிக்குக் கீழே குடியிருப்புப் பிள்ளைகள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் இவன் தூக்கி வளர்த்த பையன்கள். இவன் போய் நின்றதும் எதிர்வீட்டுக்காரி பால்கனியிலிருந்து தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அப்புறம் இன்னொருத்தி கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் பந்து மட்டும் கிடந்தது. நான் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இறங்கிப் போய் அந்த இரண்டு பொம்பளைகளையும் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்க வேண்டும். வாசல் வரை போய்விட்டேன். சோதனை முடிகிற வரை தெருவில் சத்தம் வேண்டாம் என்று திரும்பி வந்தேன்.

அவன் மேலே வந்தான். முகம் வெளுத்திருந்தது. முதலில் ஷூ அலமாரியை உதைத்தான், அது சரிந்தது. நான் இரண்டு கையும் தெரிகிற மாதிரி நின்றேன்.

"நீ கோவமா இருக்கன்னு எனக்குப் புரியுது. நான் இங்கதான் இருக்கேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வேறு யாரோ என் புடவையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி பார்த்தான்.

"ஏன் அப்படிப் பேசுற?"

"எப்படிப்பா?"

"அவங்க மாதிரி."

"நான் உன்கூட நிதானமாப் பேச ஆசப்படுறேன்."

"திட்டும்மா."

"உன்னத் திட்ட எனக்கு விருப்பம் இல்லப்பா."

நாற்காலியைத் தூக்கினான். எங்கள் வீட்டு நாற்காலிக்குள் மணல் இல்லை. அது பீரோக் கண்ணாடியில் போய் விழுந்தது. பெரியவள் அறை வாசலில் வந்து நின்றாள், கை பின்னால். அவளும் அதே குரலில், "தம்பி, நீ கோவமா இருக்கன்னு புரியுது" என்றாள். இவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க. அவங்களுக்கு அது வேல. நீ எதுக்குப் பேசுற?"

எனக்குத் தொண்டைக்குழியில் அந்த "டேய்" வந்து நின்றது. சத்தியமாக நின்றது. உனக்காகத்தாண்டா, உன்னை வீட்டுக்குக் கொண்டு வரத்தாண்டா என்று கத்த வேண்டும். ஆனால் சத்தம் போட்டால் மேல்வீட்டுக்காரர் தட்டுவார், யாராவது இல்லத்துக்குச் சொல்வார்கள், ரயிலில் ஏற்றிவிடுவார்கள் என்று மனசு கணக்குப் போட்டது. விழுங்கிக்கொண்டேன்.

அவன் அறைக் கதவுக்குப் போனான். இடது கையை நிலையில் வைத்தான், கீல் இருக்கிற பக்கம். வலது கையால் கதவின் விளிம்பைப் பிடித்தான். பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அவசரமே இல்லை அவனுக்கு. எனக்கு வேண்டிய நேரம் கொடுத்தான். அந்த இடத்தில் அவனைக் காப்பாற்ற ஒரு சத்தம் போதும், உலகத்தில் என்னைவிட நன்றாக அந்தச் சத்தத்தைப் போடத் தெரிந்தவள் இல்லை.

"கைய எடுத்துட்டா நல்லா இருக்கும்ப்பா" என்றேன், உப்புச் சப்பில்லாமல்.

அறைந்துவிட்டான்.

பிறகு நடந்ததைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிளினிக்குக்குப் போனோம், இரண்டு விரல் எலும்பில் விரிசல், கட்டுப் போட்டார்கள். அவன் ஒரு சத்தம் போடவில்லை, ஊசி போடும்போதுகூட. பெரியவள்தான் அழுதாள். திரும்பி வந்து, உடைந்த கண்ணாடியைப் பெருக்கி அள்ளினோம். ஞாயிறு முழுக்க வீட்டில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கொண்டுபோய் விடும்போது பஸ்ஸில் அவன் காதருகே குனிந்து, "பஸ் கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுடா, நானும் அதையே சொல்றேன்" என்றேன். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

இல்லத்து வாசலில் சாவி அண்ணன் நின்றிருந்தார். பையன்களைக் காலையில் எழுப்புவதிலிருந்து படுக்க வைப்பது வரை பார்த்துக்கொள்கிறவர் அவர். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து இருப்பதால் பையன்கள் வைத்த பெயர். கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பஸ் கதவு" என்றேன்.

"வலிக்குதாடா?" என்று அவனிடம் கேட்டார். அவன் இல்லை என்று தலையாட்டிவிட்டு, குனிந்து ஷூவைக் கழற்றி அவர் கையில் கொடுத்தான். யாரும் கேட்கவே இல்லை. அவனாகவே முதல் படிக்கு இறங்கிக்கொண்டான்.

கூட்டம் நடந்த அறையில் ஒரு நீள மேஜை, மணல் நாற்காலிகள். பெரிய டாக்டர், ஆலோசகர், நான். அவனிடம் முன்பே தனியாகப் பேசிவிட்டார்களாம். பஸ் கதவு கதையை நான் இரண்டு வரி சொல்வதற்குள் டாக்டர் கையை லேசாகத் தூக்கினார்.

"அவன் எல்லாத்தையும் சொல்லிட்டாம்மா."

ஆலோசகர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "யாரும் என்னைத் தடுக்கல, எனக்குப் பயமா இருந்துச்சுன்னு சொன்னான். ரொம்ப நேரம் கைய வெச்சுக்கிட்டு நின்னானாம்."

"நீங்க சொல்லிக் குடுத்ததத்தானே மேடம் செஞ்சேன்."

"ஆபத்துன்னு வந்தா ஓடிப்போய்க் கையப் பிடிக்கணும்மா. அது வேற. அதையும் சொன்னோமே."

சொல்லியிருப்பார்கள். இல்லை என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் நான் என்ன காதில் வாங்கினேன் என்று அவர்களுக்குத் தெரியாதா? சத்தம் போட்டால் பிள்ளை இல்லை என்பதைத்தான் வாங்கினேன். பசித்தவளிடம் பத்து விஷயம் சொன்னால் சோறு எங்கே என்பது மட்டும்தானே காதில் விழும்.

"ஓடிப்போய்க் கையப் பிடிக்கிறப்போ எந்தக் குரல்ல மேடம் பேசணும்?" என்று கேட்டேன். அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு ஆத்திரம் குறையவில்லை.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். வீட்டில் பாதுகாப்பு போதாது. நடந்ததை மறைக்கவும் பார்த்திருக்கிறீர்கள். தப்பு என்று சொல்ல வரவில்லை, ஆனால் இந்த நிலையில் அனுப்ப முடியாது. பெரிய பையன்களின் இல்லத்தில் இடம் காலியாக இருக்கிறது, மாத முதலில் அனுப்பிவிடலாம். ஆரம்பத்தில் கொஞ்ச காலம் சந்திப்பு இருக்காது, பிறகு உங்கள் பக்கமும் தயாராக இருந்தால் யோசிக்கலாம். எல்லாம் அந்தக் குரலில்தான். ஒரு பிள்ளையை அவன் தாயிடமிருந்து ஒரு பகல் தூரத்துக்குத் தள்ளிவைப்பதை, நாளைக்குத் தண்ணீர் வராது என்று சொல்வது மாதிரி சொல்லிவிட முடிகிறது அந்தக் குரலில்.

நான் கெஞ்சினேன். அதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு தடவை அனுப்பிப் பாருங்கள், சந்தை வேலையைக்கூட விட்டுவிடுகிறேன் என்றேன். அவனையே கேட்கலாம் என்றாள் ஆலோசகர். கடைசியாக ஒரு வழி அவளும் தேடினாள் என்றுதான் நினைக்கிறேன். அவன் வேண்டும் என்று சொன்னால் டாக்டர் இன்னொரு சோதனைக்குச் சம்மதிக்கக்கூடும் என்று அவள் முகம் சொன்னது.

சாவி அண்ணன் கூட்டிக்கொண்டு வந்தார். செருப்புப் போட்டிருந்தான். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்தான். டாக்டர் விஷயத்தைச் சொல்லி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"வீட்டுக்கு வரியாடா?"

"வேணாம்மா."

"ஏன்டா?"

"அங்க நீ இல்ல."

அவன் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. தேடிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறவன் மாதிரி சொன்னான். அவ்வளவுதான், எனக்குள்ளே இத்தனை மாதம் மூட்டை கட்டி வைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்துவிட்டது.

"டேய்" என்றேன்.

ஜன்னல் அதிர்ந்தது. டாக்டர் பேனாவைக் கீழே போட்டார். நடைபாதையில் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது.

"யாருடா இல்ல? நிமிந்து என்னப் பாருடா. பெத்தவ குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், இல்லையாம். கதவுல கைய வெப்பியா நீ? வெப்பியா? யாரக் கேட்டு வெச்ச? அது உன் கையாடா? நான் ஊட்டி வளத்த கைடா அது. உங்கக்கா வெரல் பத்தலன்னு உன் வெரலும் வேணுமா அந்தக் கதவுக்கு? இன்னொரு தடவ வெச்சுப் பாரு, கதவக் கழட்டி உன் முதுகுலயே கட்டி விடுறேன், தெருத்தெருவா சுமந்துக்கிட்டுத் திரி. வீட்டு வாசல்ல நின்னு உள்ள வரலாமான்னு கேப்பியா? எந்தக் கேடுகெட்டவன்டா கேப்பான் அப்படி?"

அவன் நிமிர்ந்தான். இரண்டு வருஷமாக அந்த எவர்சில்வர் தகட்டில் பார்த்துப் பார்த்து மழுங்கிப் போயிருந்த முகம் என் கண்ணெதிரே என் பிள்ளையின் முகமாக ஆனது. உதடு கோணியது. அழப்போகிறானா சிரிக்கப்போகிறானா என்று சொல்ல முடியவில்லை, இரண்டும்தான் வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து என் பக்கம் ஒரு அடி வைத்தான்.

அந்த இல்லத்தில் ஒரு விதி இருக்கிறது. யார் குரல் உயர்ந்தாலும், அது பையனுடையதோ பெரியவர்களுடையதோ, பையனை உடனே அந்த இடத்திலிருந்து கூட்டிப் போய்விட வேண்டும். மற்றப் பையன்களும் சத்தத்தில் ஏறிவிடுவார்கள் என்பதற்காக வைத்த விதி. டாக்டர் தலையை அசைத்தார். சாவி அண்ணன் வந்து அவன் தோளில் கை வைத்தார். மனுஷனுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"வா தம்பி."

"இருங்கண்ணா" என்றான் அவன், என்னைப் பார்த்துக்கொண்டே. "எங்கம்மா இன்னும் முடிக்கல."

சாவி அண்ணன் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மறுபடி தலையை அசைத்தார். தோளை அணைத்த மாதிரி பிடித்து மெதுவாகத்தான் நடத்திக்கொண்டு போனார். அவன் முரண்டு பிடிக்கவில்லை. கழுத்தை மட்டும் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டே போனான். ஆலோசகர் எழுந்து வந்து, "அம்மா, இப்படி இருந்தா அங்கயும் உங்களப் பாக்க விடமாட்டாங்கம்மா. தயவுசெஞ்சு" என்றாள். அவள் குரலும் அப்போது சீராக இல்லை.

உள்கதவு சாத்திக்கொண்டது. கனமான கதவு, வெளியே சத்தம் போகாதபடி ரப்பர் வைத்துச் செய்தது. அந்தப் பக்கம் அவன் நிற்கிறானா, போய்விட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. நிற்கிறான் என்று வைத்துக்கொண்டு, கதவில் வாயை வைத்து, இருக்கிற குரலையெல்லாம் போட்டுத் திட்டினேன்.